சாணக்குழி இருந்த பக்கம்

டென்னிஸ் ஆடுவதற்கென்றே பிறந்தவன் என்று தம்பியைப் பற்றிப் பத்திரிகையில் வந்திருந்ததை, பக்கத்து வீட்டுக்காரி சத்தமாகப் படித்துக் காட்டினாள். பால் கறந்துகொண்டிருந்த அக்கா கையை நிறுத்தவில்லை.

"பொறக்கும்போது அவனுக்குக் கால்தான் முதல்ல வந்துச்சு. எங்கம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். இதுல மட்டையோட வேற வந்திருந்தா அவ பொழைச்சிருக்கவே மாட்டா" என்றாள்.

பத்திரிகைக்காரர்களுக்கு எதையும் பிறப்பிலிருந்து தொடங்கினால்தான் எழுத வரும் போலிருக்கிறது. உண்மையில் நடந்தது வேறு. அந்த ஊருக்கு வந்துபோன கால்நடை மருத்துவர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது பழைய மட்டை ஒன்றையும், மயிர் உதிர்ந்த பந்துகள் சிலவற்றையும் விட்டுவிட்டுப் போனார். மறந்து விட்டாரா, தொலையட்டும் என்று விட்டாரா என்பதைக் கடவுள்தான் அறிவார். அது தம்பியின் கையில் சிக்கியது. ஆட இடமும் இல்லை, ஆளும் இல்லை. பால் சங்கத்துக் கட்டடத்தின் பின்சுவரை எதிராளியாக வைத்துக்கொண்டான். சுவர் திருப்பித்தான் அடிக்கும், திட்டாது. அதுவரைக்கும் நல்ல எதிராளிதான்.

அந்தச் சுவருக்கு எதிரே நின்றால் வலப்பக்கம் காய்ந்த தரை. இடப்பக்கம் ஊர் மாட்டுச் சாணமெல்லாம் வந்து சேருகிற குழி. பந்து இடப்பக்கம் போனால் 'சொத்' என்று உள்ளே விழும். அதை எடுத்துக் கன்றுக்குட்டிகள் குடிக்கிற தொட்டியில் கழுவுவான். கன்றுகள் அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அக்கா விளக்குமாற்றை எடுப்பாள். நாலு முறை அடி வாங்கியபின் தம்பிக்கு ஞானம் பிறந்தது. பந்தை இடப்பக்கம் போக விடக்கூடாது. போகிற பந்தையும் சுற்றி ஓடிப்போய், வலக்கைப் பக்கம் வாங்கி, ஓங்கி அறைந்துவிட வேண்டும்.

இதைத்தான் பிற்காலத்தில் 'பாணி' என்று சொன்னார்கள்.

டவுனிலிருந்து ஒருவர் கறவைமாடு வாங்க வந்தார். கழுத்தில் விசில், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. அவர் டென்னிஸ் பயிற்சியாளர் என்பது பிறகுதான் தெரிந்தது. மாட்டைப் பல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் சுவரில் விழுகிற அறையைக் கேட்டு எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். மாடு வாங்க வந்தவர் மாட்டை விட்டுவிட்டுத் தம்பியை ஓட்டிக்கொண்டு போனார்.

"இவனை நான் செதுக்கிக் காட்டறேன்" என்று அப்பாவிடம் சொன்னார்.

"செதுக்குங்க, வேணாங்கல. ஆனா பால் ஊத்துற நேரத்துக்கு அனுப்பிடுங்க" என்றார் அப்பா. அவர் அதை ஏதோ சாயங்கால வகுப்பு என்று நினைத்துவிட்டார்.

சின்ன வயசுப் போட்டிகளில் தம்பியை அடிக்க ஆள் இல்லை. இடது மூலைக்கு ஓடிப்போய் அவன் அறைகிற அறையைப் பார்த்தே எதிரே நிற்கிறவன் பாதி தோற்றுவிடுவான். கோப்பைகள் வந்து குவிந்தன. அக்கா அதில் பெரியதை எடுத்து மாட்டுத்தீவனம் அளக்க வைத்துக்கொண்டாள். படிக்கு இரண்டு பிடி அதிகம் கொள்ளும், கைப்பிடியும் இருந்தது. பயிற்சியாளர் போகிற இடமெல்லாம், "அந்த அடி நான் சொல்லிக் கொடுத்தது" என்றார். "அந்த அடி நான் குடுத்தது" என்று அக்கா மாட்டிடம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு அவன் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். அது என்ன தொழில் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்குவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெட்டியும் மூன்று மட்டையுமாக ஊர் ஊராகப் போக வேண்டும். ஆட வேண்டும். தோற்க வேண்டும். அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். வெயிலில் அலைந்து பாத்திரம் விற்கிறவன்கூடச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். தம்பி வருஷத்துக்கு இரண்டு தரம் வந்தான். வந்தபோதெல்லாம் முழங்காலில் புதிதாக ஒரு பட்டை ஒட்டியிருந்தான்.

ஒரு முறை உலகத்தில் முதல் வரிசையில் இருந்த ஒரு பெரிய ஆட்டக்காரருக்குப் பயிற்சிக்குப் பந்து அடிக்க ஆள் தேவைப்பட்டது. வலக்கைப் பக்கம் ஓங்கி அடிக்கிறவனாக வேண்டும் என்றார்களாம். அரைமணி நேரம் அடித்தான். அவர் தோளில் தட்டி நன்றி சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். கூட நின்று எடுத்த படம் ஒன்று மிச்சம். அதை வைத்து ஊர்த்தலைவர் முச்சந்தியில் ஒரு ஆள் உயரத்துக்குப் பேனர் கட்டினார். 'உலக வீரனைத் திணறடித்த எங்கள் வீரனே' என்று எழுதி, கீழே வீரனைவிடப் பெரிதாகத் தன் படத்தையும் போட்டுக்கொண்டார்.

"திணறுனது யாரு?" என்று அக்கா கேட்டாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேருக்குமே கொஞ்சம் மூச்சு வாங்குச்சுக்கா."

இருபத்தைந்து வயதுக்குள் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. அவனுக்கு வலக்கைப் பக்கம்தான் அடிக்க வரும், இடப்பக்கம் போட்டால் சுற்றி ஓடுவான், ஓட விட்டால் களைப்பான். ஆட்டக்காரர்கள் அவனுக்கு 'ஒத்தப்பக்கம்' என்று பேர் வைத்தார்கள். அவன் பிறந்த ஊரின் சாணக்குழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை உலகமே கண்டுபிடித்துவிட்டது. கண்டுபிடிக்காதவர் பயிற்சியாளர் ஒருவர்தான். அவர் அப்போதும் செதுக்கிக்கொண்டிருந்தார்.

அப்பா போனார், அம்மா போனாள். கல்யாணமாகிப் போன அக்கா கணவனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்து கொட்டிலைப் பார்த்துக்கொண்டாள். ஆறு மாடு நின்ற கொட்டிலில் மூன்றுதான் நின்றன. மற்ற மூன்றும் பெட்டியாகவும் மட்டையாகவும் டிக்கெட்டாகவும் மாறி உலகம் சுற்றப் போயிருந்தன. போன மழைக்காலத்தில் அவளுடைய மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. ஒரு மாட்டைக் கறந்து முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தது. மருத்துவமனையில், கைக்கு ஓய்வு கொடு என்றார்கள். ஓய்வைக் கையில் கொடுத்தால் பாலை யார் கையில் கொடுப்பது?

தம்பி வந்தபோது அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இனிமே என்னால ஆகாதுடா. நீ வந்து பாரு. இல்லேன்னா மூணையும் ஓட்டி விட்டுட்டு நானும் எங்கயாவது போறேன்."

"இந்தப் போட்டி ஒன்னுதான்க்கா. இதுல உள்ள நுழைஞ்சுட்டா எல்லாம் மாறிடும். தோத்தா பையத் தூக்கிட்டு வந்துடறேன்."

"சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

"என் மேல பண்ணாத. நான் போனா இந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு யாரு இருக்கா?"

"அப்போ மட்டை மேல."

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதிக்காக அவளே கூடக் கிளம்பினாள். "போயி கையோட கூட்டிட்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரி கொட்டில் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள்.

அக்கா டென்னிஸ் மைதானத்தை நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. வாசலில் அவள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார்கள். கன்றுக்குத் தும்பு மாட்டுவதைப் போலத்தான் இருந்தது, கூடவே ஒரு கும்பிடும் போட்டார்கள். உள்ளே பச்சைத் தரை, வெள்ளைக் கோடு. ஒருவர் மரமேறப் போய்ப் பாதியில் மனசு மாறி உட்கார்ந்துவிட்டவரைப் போல ஏணியின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர்தான் கணக்குச் சொன்னார். பதினைந்து என்றார், முப்பது என்றார், பிறகு நாற்பது என்றார். நடுவில் ஐந்தை எங்கே விட்டார் என்று படித்தவர்கள் நிறைந்த அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு அடி அடித்துவிட்டு மூக்கைத் துடைக்கத் துண்டு கேட்டார்கள். நெல் அடிக்கிற களத்தில் இப்படி ஒவ்வொரு தட்டுக்கும் துண்டு கேட்டால் அறுவடை அடுத்த வருஷம்தான் முடியும்.

அது தகுதிச் சுற்று. அதில் ஜெயித்தால்தான் முக்கியப் போட்டிக்குள் போக முடியும். எதிரே நின்றவன் வணக்கம் சொல்வதற்கு முன்பே இடப்பக்கம் போட்டான். தம்பி சுற்றி ஓடி அறைந்தான். கூட்டம் கை தட்டியது. மறுபடியும் இடப்பக்கம். மறுபடியும் ஓட்டம். இரண்டாவது செட்டில் கால் ஓடவில்லை. இடப்பக்கம் வந்த பந்தை நின்ற இடத்திலேயே, தெருநாயை விரட்டுகிற மாதிரி மட்டையை நீட்டித் தடுத்தான். பந்து வலையில் விழுந்தது. அக்காவுக்குச் சட்டென்று அந்த விளக்குமாறு ஞாபகம் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, முடியட்டும் கடவுளே என்றாள். முடிந்தது.

"சரி, பையை எடு" என்றாள் வெளியே வந்தவனிடம்.

"இன்னும் தோக்கலக்கா."

"என் கண்ணு முன்னாடிதானடா தோத்த?"

"தோத்தேன். ஆனா லக்கி லூசர்னு ஒன்னு இருக்கு. உள்ள ஆட வேண்டியவன் எவனாவது ஒடம்பு சரியில்லன்னு விலகிட்டா, தோத்தவங்கள்ல ஒருத்தனுக்கு அந்த இடம். வரிசையில நான்தான் முதல் ஆளு. காலையில போயி நான் இங்கதான் இருக்கேன்னு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"அதிர்ஷ்டக்காரத் தோல்வி." அக்கா வாயில் போட்டு மென்று பார்த்தாள். "நம்ம ஊர்ல இதுக்கு வேற பேரு. சாவு வீட்டு வாசல்ல பந்திக்குக் காத்துக்கிட்டு இருக்கறதுன்னு சொல்லுவாங்க."

"மட்டை மேல சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு. கிடைக்கலன்னா அப்படியே பஸ் ஏறிடலாம்."

மறுநாள் காலையில் அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கை கூப்பினாள். அவளுடைய வேண்டுதல் சின்ன வயதிலிருந்தே ஒன்றுதான். "கடவுளே, எல்லாரும் நல்லா இருக்கணும். யாருக்கும் ஒரு நோய்நொடி வரக் கூடாது."

கட்டிலில் உட்கார்ந்து காலுறை மாட்டிக்கொண்டிருந்த தம்பி பதறிப்போனான். "அக்கா, இன்னைக்கு மட்டும் அப்படி வேண்டாத."

"வேற எப்படிடா வேண்டறது?"

"எல்லாரும்னு சொல்லாத. பொதுவா எதையாவது வேண்டிக்க."

தலைமை நடுவரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. தோற்றவர்கள் அதில் வரிசையாக, மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆட வேண்டியவர்கள் அந்த வழியாகப் போகும்போது பெஞ்சு முழுக்க எழுந்து அன்போடு, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டது. பெற்ற தாய்கூட அத்தனை கவலையோடு கேட்டிருக்க மாட்டாள். ஒருவன் இருமினால் பெஞ்சு நிமிர்ந்தது. ஒருவன் நொண்டினால் தம்பி மட்டையின் கைப்பிடிக்குப் புதுப் பட்டி சுற்ற ஆரம்பித்தான். அவன் செருப்பில் ஏதோ கல் என்று தெரிந்ததும் சுற்றியதைப் பிரித்தான். படைத்தவன் மேலிருந்து இதையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது.

வெயில் ஏறியபோது தம்பி ஓட்டமாக வந்தான். முகம் பளபளத்தது.

"இன்னைக்குக் கடைசி ஆட்டத்துல ஒரு தாடிக்காரன் ஆடணும்க்கா. அவனுக்கு வயித்தால போகுது. அஞ்சு தடவ போயிட்டு வந்துட்டான்."

"நீ கூடவே நின்னு எண்ணினியாக்கும்?"

"வெளிய நின்னேன்."

"அப்பாவுக்கு நெஞ்சு வலின்னப்போ ஒரு போன் பண்ணிக் கேக்கல. எவனோ கக்கூஸ் போறதை எண்ணிக்கிட்டு நிக்கிற."

தம்பிக்குக் காது கேட்கவில்லை. கழுத்தைச் சுழற்றி, காலை உதறி, சுவரோரமாகக் குதித்துக்கொண்டிருந்தான். அக்கா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவுவதற்குக் குழாயைத் தேடிப் போனாள்.

குழாய் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே தரையில், சுவரில் சாய்ந்து ஒருவன் கிடந்தான். தாடிதான் முதலில் தெரிந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. கழிச்சல் கண்ட கன்றுக்கு இப்படித்தான் கண் உள்ளே போகும். ஆட்டக்காரர்களைப் பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு வைத்தியர் இருந்தார். ஆனால் முதல் வரிசை ஆட்டக்காரருக்குக் கால்விரல் நகம் உறுத்துகிறது என்று அவரைப் பார்க்கப் போயிருந்தாராம். நகம் பெரிய இடத்து நகம். வயிறு சின்ன ஆள் வயிறு.

"அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான் தாடிக்காரன்.

அவள் தூக்கும் கையுமாக நின்றாள். இவன் எழுந்தால் தம்பி உள்ளே போக முடியாது. இவன் விழுந்தால் தம்பி போவான், அடுத்த ஊருக்கும் போவான், அதற்கடுத்த ஊருக்கும் போவான். யார் எழுந்தால் தனக்கு லாபம் என்பது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நல்லது செய்யப் போகிற கையில் லாபமும் வந்து ஒட்டிக்கொண்டால் அதை எங்கே போய்க் கழுவுவது?

"அக்கா" என்றான் அவன் மறுபடியும்.

அவள் தேநீர்க் கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி வந்தாள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து, தூக்கின் மூடியில் ஊற்றி, மடக்கு மடக்காகக் குடிக்கச் சொன்னாள். "மொத்தமா ஊத்திக்காத. அது எங்கயும் போயிடாது." துண்டை நனைத்து நெற்றியில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணுக்கு உயிர் வந்தது.

"எந்த ஊருக்கா நீங்க?"

"பேசாத. குடி."

அப்போது தலைமை நடுவர் கையில் வாக்கிடாக்கியோடு வந்தார். அவருக்குப் பின்னால் தம்பி, தோளில் பை, நெற்றியில் துணிப்பட்டை, கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"ஆடறீங்களா, விலகறீங்களா?" என்றார் நடுவர்.

தாடிக்காரன் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். "ஆடறேன் சார். இந்த அக்காதான் காப்பாத்துனாங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த தூக்கு மூடியைப் பார்த்தான். அது அவர்கள் வீட்டுத் தூக்கு. தோளிலிருந்து பை தானாக இறங்கியது. நடுவர் வாக்கிடாக்கியில், "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவருக்கு எப்போதும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

தாடிக்காரன் ஆடினான். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, தோற்றான். அக்காவைத் தேடி வந்து கும்பிட்டுவிட்டு, அடுத்த ஊருக்கு வண்டி ஏறினான்.

பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் தம்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"அவன் எப்படியும் தோத்துட்டான். அந்தத் தோல்விய நான் தோத்திருக்கக் கூடாதா?"

"நீதான் ஏற்கெனவே தோத்துட்டு வந்து உக்காந்திருந்தியே. ஒரே போட்டியில எத்தனை தடவடா தோப்ப?"

"நீ வேணும்னேதான் குடுத்த. நான் வீட்டுக்கு வரணும்னு குடுத்த."

 இல்லை என்று சொல்லிவிடலாம். கேட்கிறவன் நம்பவும் நம்புவான். கேட்காமலே கேட்டுக்கொண்டிருக்கிறவன் ஒருவன் மேலே இருக்கிறானே.

"நீ வரணும்னுதான் நினைச்சேன்" என்றாள். "அவன் தண்ணி கேட்டான், குடுத்தேன். ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சு. எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்கே தெரியல. அதை நான் கடவுள்கிட்ட பேசிக்கறேன். நீ மட்டை மேல பண்ணுன சத்தியத்தைப் பாரு."

அவன் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் நடுவழியில் இறங்கவில்லை. அவள் பாதிப் பயணம் அதற்குத்தான் பயந்துகொண்டு வந்தாள்.

முச்சந்தியில் பேனர் அப்படியே இருந்தது. வெயிலில் வீரனின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தலைவரின் முகம் மட்டும் எப்படியோ நிறம் மாறாமல் இருந்தது. "இந்த வருஷம் ஜெயிச்சியாப்பா?" என்று கேட்டவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரி முந்திக்கொண்டு, "அவங்க அக்கா ஜெயிச்சுட்டா" என்றாள்.

மறுநாள் விடிகாலை அக்கா அவன் கையில் செம்பைக் கொடுத்தாள். அவன் மாட்டின் வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தான். மாடு காலைத் தூக்கி ஒரு உதை விட்டது. செம்பு உருண்டு சுவர் வரைக்கும் போனது.

"அதுக்கு இடப்பக்கம்தான் பழக்கம். அந்தப் பக்கம் உக்காந்தாத்தான் பால் இறக்கும்" என்றாள் அக்கா.

"இந்தப் பக்கம் பழக்க முடியாதா?"

"ஒன்பது வருஷப் பழக்கம். அது சுத்தி ஓடாது. நீதான் சுத்தி வரணும்."

அவன் செம்பை எடுத்துக்கொண்டு மாட்டைச் சுற்றி வந்தான். இடப்பக்கம் தரை சாணமும் ஈரமுமாக இருந்தது. பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டி, பட்டை தெரிய உட்கார்ந்தான். உலகம் முழுக்க அந்தப் பக்கத்துக்குப் பயந்து ஓடியவன், கடைசியில் அதே சாணத்தில் வந்து உட்கார்ந்தான். மடியைத் தொடுவதற்கு முன்னால், மாட்டின் வயிற்றில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

வாசலில் நின்ற அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"நெசமாவே கேக்கறியா, இல்ல இதுவும் படுத்தா உனக்கு இடம் கிடைக்கும்னு கேக்கறியா?"

அவன் திரும்பாமலே, "உன் வேலையப் பாருக்கா" என்றான். மாடு வாலைச் சுழற்றி அவன் இடக் கன்னத்தில் ஒன்று வைத்தது. அதையும் அவனால் தடுக்க முடியவில்லை. அக்கா வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, பல வருஷங்களுக்குப் பிறகு அந்த நேரத்தில் சும்மா உட்கார்ந்தாள். செம்பில் முதல் பால் பீய்ச்சி விழுகிற சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.